கையெழுத்துப் போடத் தெரிந்தவர்

2024 ஆகஸ்டில் ஒரு சனிக்கிழமை, வெயில் ஏறுவதற்கு முன்பே அந்த அம்மா வீட்டுக்கு வந்தார். கையில் மஞ்சப்பை. "ஒரு லெட்டர் எழுதணும் சார். இந்த மாசம் தவணை கட்ட முடியல. ஒரு மாசம் தள்ளிக் கேக்கணும்" என்றார். எனக்கு இது புதிதில்லை. ஓய்வுபெற்ற வாத்தியார் வீடு என்றால் ஊரில் அது பாதி மனு எழுதும் ஆபீஸ்தான். கடன் எண் வேண்டுமே என்று லோன் கார்டைக் கேட்டேன்.

நாலாக மடித்து மடித்து, மடிப்பில் எழுத்து தேய்ந்துபோன அட்டை. முன்பக்கம் தவணைக் கட்டங்கள். 24 கட்டத்தில் 17-ல் வசூல்காரரின் கையெழுத்து விழுந்திருந்தது. பின்பக்கம் பொடி எழுத்தில் நிபந்தனைகள். பழக்கதோஷத்தில் பின்பக்கத்தையும் வாசித்தேன். நடுவில் இப்படி ஒரு வாக்கியம்: "கடன் பெறுநர் அல்லது அவரது துணைவர் கடன் காலத்தில் இறக்க நேரிடின், இறந்த தேதியில் நிலுவையிலுள்ள கடன் தொகை காப்பீட்டின் மூலம் ஈடுசெய்யப்படும்."

அந்த அம்மாவின் கணவர் இறந்தது 2023 அக்டோபரில்.

நாற்பதாயிரம் ரூபாய் குரூப் லோன். 2023 மார்ச் முதல் மாதம் 2,115 ரூபாய். கணவர் இருந்தவரை எட்டுத் தவணை, அவர் போன பிறகு ஒன்பது. அந்த ஒன்பதும் அவர் கட்டியே இருக்க வேண்டாம். இரண்டு ஆட்டை விற்று, நூறு நாள் வேலைக் கூலியை எடுத்து, மகளிடம் கைமாற்று வாங்கி, 19,035 ரூபாய் கட்டியிருக்கிறார். கட்ட வேண்டாம் என்று சொல்லும் அட்டை அத்தனை மாதமும் அவருடைய ட்ரங்க் பெட்டியில்தான் இருந்தது.

மேலே போவதற்கு முன் ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். இந்த அம்மாவை "எழுத்தறிவு பெற்றவர்" என்று 1992-ல் பதிவேட்டில் டிக் அடித்தவன் நான். ஆகவே வெளியாள் ஒருவரின் ஆய்வாக இதை எடுத்துக்கொள்ள வேண்டாம். அவரிடம் கேட்டுத்தான் எழுதுகிறேன். பேர், ஊர், கடன் கொடுத்த இடம் எதையும் எழுதவில்லை.

அன்று போட்ட டிக்

புதுக்கோட்டை மாவட்டத்தில், படிக்காத பெரியவர்களுக்கு எழுத்துக் கற்றுக்கொடுத்த அறிவொளி இயக்கம் நடந்த 1991, 92-ஐப் பார்த்தவர்களுக்கு அதைச் சொல்லிப் புரியவைக்க வேண்டியதில்லை. எர்ணாகுளம் 1990 பிப்ரவரியில் முழு எழுத்தறிவு மாவட்டமாக அறிவிக்கப்பட்ட சூட்டோடு இங்கேயும் பற்றிக்கொண்டது. கலெக்டர் ஷீலா ராணி சுங்கத். அறிவியல் இயக்கத்துக்காரர்கள், வாத்தியார்கள், வேலை கிடைக்காத பட்டதாரிகள், கல் உடைக்கும் பெண்கள் என்று ஊரே இறங்கியது. எழுத்தோடு சைக்கிளும் கற்றுக்கொடுத்தார்கள். 1992 மகளிர் தினத்தன்று ஆயிரத்து ஐந்நூறுக்கு மேற்பட்ட பெண்கள் மணியடித்துக்கொண்டு புதுக்கோட்டைத் தெருக்களில் சைக்கிளில் போனதை வெளியூர்ப் பத்திரிகைக்காரர்கள் வந்து எழுதினார்கள். எனக்கு அப்போது 24 வயது. அன்னவாசல் பக்கம் ஒரு கிராமத்தில் தொண்டர். அரிக்கேன் விளக்கு, கோயில் மண்டபம், ராத்திரி எட்டு மணிக்குமேல் வகுப்பு.

இந்த அம்மாவுக்கு அப்போது 15 வயது. மூன்றாம் வகுப்போடு நின்று ஆடு மேய்த்துக்கொண்டிருந்தார். அ, ஆ என்று வரிசையாகப் போகாமல், பழகிய சொல்லில் தொடங்கி எழுத்துக்கு வருவதுதான் எங்கள் முறை. மூன்று பாடப்புத்தகம், ஏறத்தாழ 200 மணி நேரம். முடிவில் என்ன வர வேண்டும் என்று தேசிய எழுத்தறிவு இயக்கம் அளவுகோல் வைத்திருந்தது: வாய்விட்டு வாசிப்பது நிமிடத்துக்கு 30 சொல், மனசுக்குள் வாசிப்பது 35 சொல், பார்த்து எழுதுவது 7, சொல்லக் கேட்டு எழுதுவது 5. அன்றாடத்துக்கு வேண்டிய படிவம் நிரப்புவதும் அந்தப் பட்டியலில் இருந்தது.

அன்றைக்கு அவர் வாசித்தார். நான் பொய்யாக டிக் அடிக்கவில்லை. திருப்பூரில் பனியன் கம்பெனியில் இருந்த அண்ணனுக்கு 15 காசு கார்டில் அவரே கடிதம் எழுதினார். "ஆடு குட்டி போட்டிருக்கு" என்று பேச்சுத் தமிழிலேயே எழுதியதை நான் திருத்தப் போக, "அண்ணனுக்குப் புரியும் சார்" என்று கார்டைப் பிடுங்கிக்கொண்டு ஓடியது நினைவிருக்கிறது. திருத்தத்தான் எனக்குத் தெரிந்திருந்தது.

பிறகு ராத்திரி வகுப்பு நின்றது. அவருக்குக் கல்யாணமாகிப் பக்கத்து ஒன்றியத்துக்குப் போனார். அண்ணன் இருந்த லைனில் எஸ்டிடி பூத் வந்தது, கடிதம் நின்றது. அப்புறம் செல்போன். முப்பது வருஷமாக அவர் வீட்டில் வாசிக்க என்ன இருந்தது என்று கேட்டால் ரேஷன் கார்டு, கல்யாணப் பத்திரிகை, கேஸ் பில், சாமி காலண்டர். இதில் எதையும் வாசித்தே ஆக வேண்டும் என்ற கட்டாயம் அவருக்கு வந்ததில்லை. எழுத்து சைக்கிளைப் போல ஒரு தடவை வந்தால் மறக்காது என்று நாங்கள் அன்றைக்கு நம்பினோம். சைக்கிள் அவருக்கு இன்றும் மறக்கவில்லை.

எவ்வளவு வருகிறது, எங்கே நிற்கிறது

கடன் விவகாரத்துக்கு விண்ணப்பம் போட்டு முடித்தபின், அவர் சம்மதத்தோடு மூன்று நாள் உட்கார்ந்து பார்த்தேன். மூன்றாம் வகுப்புத் தமிழ்ப் புத்தகத்தில் ஒரு கதை. செல்போனில் நேரம் வைத்தேன். நிமிடத்துக்கு 13 சொல். அகர, ஆகார வரிசை தடங்கலில்லை. இகரமும் உகரமும் கொஞ்சம் யோசித்து வருகிறது. ஒகரத்தில் நின்றுவிடுகிறார். "தொகை" என்ற சொல்லில் கொம்பைப் பார்த்ததும் "தெ" என்று தொடங்கி, பின்னால் துணைக்கால் வந்ததும் அதைத் தனி எழுத்தாக நினைத்துக் குழம்பி, திரும்ப முதலிலிருந்து வருகிறார். ஒரு சொல்லில் இப்படி நின்றால் அதற்கு முன்னால் வாசித்த மூன்று சொல் கைநழுவிப் போகிறது. வாக்கியத்தின் கடைசியில் இருக்கும் வினைக்கு வருவதற்குள் யார், எது என்பதெல்லாம் கரைந்துவிடுகிறது. வினைச்சொல் கடைசியில் வரும் மொழியில் மெதுவாக வாசிப்பவருக்கு இருக்கும் இந்தச் சங்கடத்தை நான் இத்தனை வருஷம் வாத்தியாராக இருந்தும் யோசித்ததில்லை.

எண்ணில் கதையே வேறு. ஆரம்ப சுகாதார நிலையத்துக் கவரில் 1-0-1 என்று எழுதியிருந்தால் காலையும் ராத்திரியும் என்று சட்டென்று சொல்கிறார். கடனைப் பற்றிக் கேட்டேன். தாளைப் பார்க்காமலே, "நாப்பதாயிரத்துக்கு வட்டி பத்தாயிரத்து எழுநூத்தி அறுவது" என்றார். 2,115-ஐ 24-ஆல் பெருக்கி 40,000-ஐக் கழித்துப் பார்த்தேன். ரூபாய் பிசகவில்லை. கணக்கில் ஏறியது 38,348 என்பதும் தெரியும். மீதி 1,652 எங்கே என்று அன்றைக்கே கேட்டிருக்கிறார். "பிராசஸிங், இன்சூரன்ஸ்ல போயிருச்சும்மா" என்று பதில் வந்திருக்கிறது. அதாவது இன்சூரன்ஸ் என்ற சொல் அவர் காதில் விழுந்தது. கையை விட்டுப் போன காசுக்கு ஒரு பேராக விழுந்தது.

செல்போனை வாங்கிப் பார்த்தேன். பேத்தி ஒவ்வொரு நம்பருக்கும் ஒரு படம் போட்டுக் கொடுத்திருக்கிறாள். பால்காரருக்கு மாடு, மகளுக்கு ரோஜாப்பூ, குரூப் தலைவிக்குக் கண்ணாடி போட்ட மூஞ்சி. வாட்ஸ்அப்பில் எல்லாமே குரல் பதிவு. பேங்க் மெசேஜ் வந்தால் ஆங்கிலத்தில் இருக்கும் எண்ணை மட்டும் பார்த்து ஏறியதா இறங்கியதா என்று பழைய இருப்பிலிருந்து கணக்குப் போட்டுக் கண்டுபிடிக்கிறார். படிக்கத் தெரிந்த நான் அந்த மெசேஜ்களைத் திறந்துகூடப் பார்ப்பதில்லை.

இனி, இந்த ஆய்வில் என்னைத் தூங்கவிடாமல் செய்த சங்கதி. அவர் அந்த அட்டையை வாசிக்காமல் விட்டிருந்தார் என்றே நான் நினைத்திருந்தேன். மூன்றாம் நாள் பேச்சுவாக்கில் சொன்னார்: வாசித்திருக்கிறார். கணவரின் முப்பதாம் நாள் முடிந்த ராத்திரி, இனி இந்தக் கடன் என்னாகும் என்ற பயத்தில், பெட்டியைத் திறந்து விளக்கடியில் வைத்து விரல்விட்டு வாசித்திருக்கிறார்.

"கடன்னு இருந்துச்சு சார். காலத்தில்னு இருந்துச்சு. இறந்த தேதினு இருந்துச்சு. திரும்பக் கடன்னு இருந்துச்சு. செத்தாலும் கடன் போகாதுன்னு எழுதியிருக்காங்கன்னு நெனச்சேன்."

நாலு சொல்லைச் சரியாகவே வாசித்திருக்கிறார். பெறுநர், துணைவர், நேரிடின், நிலுவை, ஈடுசெய்யப்படும் என்ற ஐந்தும் அவரிடம் இல்லை. தெரிந்த நாலை வைத்துத் தெரியாத ஐந்தை நிரப்பியபோது வாக்கியம் தலைகீழாகிவிட்டது. எழுத்தே வராதவராக இருந்திருந்தால் மறுநாள் காலையில் யாரிடமாவது கொண்டுபோய்க் காட்டியிருப்பார். வாசித்துவிட்டதால் காட்டவில்லை.

யாரிடமும் ஏன் கேட்கவில்லை

குழுவில் பத்துப் பேர். பத்துப் பேரிடமும் அதே அட்டை. அதில் ஒருவர் பத்தாம் வகுப்பு வரை படித்தவர். அவரிடம் கேட்டபோது, "பின்பக்கத்தையெல்லாம் யாரு சார் படிக்கிறா" என்றார். வசூலுக்கு வருகிற பையன் துக்கத்துக்கு வந்து உட்கார்ந்துவிட்டுப் போயிருக்கிறான். அடுத்த மாதம் ஆள் மாறிவிட்டது. புதிதாக வந்தவருக்கு இந்த வீட்டில் ஒருவர் இறந்ததே தெரியாது. இதில் யாரும் திட்டமிட்டு ஏமாற்றியதாக எனக்குத் தோன்றவில்லை. ஏமாற்ற வேண்டிய அவசியமே இல்லாதபடி எல்லாம் தானாக நடந்திருக்கிறது.

ஆனால் கேட்காததற்கு இன்னொரு காரணமும் உண்டு. அந்த அம்மா குழுவில் "கையெழுத்துப் போடுகிறவர்". பத்தில் மூன்று பேர் கைநாட்டு. மீட்டிங் நோட்டில் முதல் ஆளாகக் கையெழுத்துப் போடுவது அவருக்குப் பெருமை. மருமகன் முன்னால் அது ஒரு மரியாதை. தெரியாது என்று சொன்னால் அது போய்விடும். ஆகவே முப்பது வருஷமாக ஒரு சிறு நாடகம் நடந்துகொண்டிருக்கிறது. பேங்கில் சலான் கொடுத்தால் "கண்ணாடி எடுத்தாரல தம்பி, கொஞ்சம் எழுதிக் குடுங்க." பேத்தியின் பள்ளிக்கூடத்தில் "கை சுளுக்கியிருக்கு டீச்சர்." பஸ் ஸ்டாண்டில் மட்டும் நாடகம் தேவைப்படாது, போர்டில் "பு" வையும் பஸ் எண்ணையும் பார்த்தால் போதும்.

கண்ணாடி மறந்துவிட்டது என்ற சாக்கு நம் ஊர்ச் சரக்கு என்று நினைத்திருந்தேன். ஜெர்மனியில் இதே பிரச்சினையைப் பற்றி எழுதுகிறவர்களும் முதலில் சொல்வது அந்தச் சாக்கைத்தான். ஹாம்பர்க் பல்கலைக்கழகம் 2018-ல் எடுத்த லியோ ஆய்வின்படி, அங்கே 18 முதல் 64 வயதுக்குள் 62 லட்சம் பேருக்கு ஒரு சிறு பத்தியைக்கூடச் சரியாக வாசித்து எழுத வராது, 12.1 சதவீதம். அதில் பாதிக்கு மேல் ஜெர்மன் தாய்மொழிக்காரர்கள், பத்தில் ஆறு பேர் வேலையில் இருப்பவர்கள். பெரும்பாலோர் பள்ளி முடித்தவர்கள். கட்டாயக் கல்வி நூறாண்டு கடந்த நாடு அது. அங்கே கேள்வியை நாம் கேட்பதுபோல் கேட்பதில்லை. எழுத்து தெரியுமா தெரியாதா என்பதை விட்டுவிட்டு, சொல் வரை வருகிறதா, வாக்கியம் வரை வருகிறதா, பத்தி வரை வருகிறதா என்று படிவாரியாக, தாளைக் கையில் கொடுத்துச் சோதிக்கிறார்கள்.

நம் மக்கள்தொகைக் கணக்கெடுப்பிலும் விளக்கம் நன்றாகத்தான் இருக்கிறது: ஏழு வயதுக்கு மேற்பட்டவர், ஏதாவது ஒரு மொழியில் புரிந்து வாசிக்கவும் எழுதவும் தெரிந்தவர். 2011-ல் தமிழ்நாட்டில் அது 80 சதவீதத்தைத் தாண்டியது. ஆனால் வாசலில் நின்று கேட்கும் கணக்கெடுப்பாளர் யார் கையிலும் தாளைக் கொடுத்து வாசிக்கச் சொல்வதில்லை. வீட்டில் இருப்பவர் சொல்வதை எழுதிக்கொள்கிறார். 2011-ல் அந்த வீட்டுக்காரர் மனைவியைப் பற்றி என்ன சொல்லியிருப்பார்? "கையெழுத்துப் போடுவா, அறிவொளில படிச்சவ."

யுனெஸ்கோ 1978-லேயே இதற்கு வேறோர் அளவு சொல்லியாயிற்று. தன் சமூகத்தில் எழுத்து தேவைப்படும் காரியங்களையெல்லாம் செய்துகொள்ள முடிகிறதா என்பதுதான் அந்த அளவு. அப்படிப் பார்த்தால் அளவு மனிதருக்குள் மட்டும் இல்லை. எதிரே வரும் தாளைப் பொறுத்து ஏறும். 1992-ல் இந்த அம்மாவின் வாழ்க்கையில் இருந்த தாள் ஒரு தபால் கார்டு. இன்றைக்கு ஆதார் ஒப்புதல், காப்பீட்டு நிபந்தனை, ஓடிபி, வங்கிக் கணக்கை மாற்றும் படிவம். அவர் இறங்கியது பாதி, தாள் ஏறியது பாதி.

புரியும் மொழி

இந்தக் குரூப் லோன் போன்ற சிறு கடனுக்கு, அதாவது நுண்கடனுக்கு, ரிசர்வ் வங்கி 2022 ஏப்ரல் முதல் புதிய நெறிமுறை வைத்திருக்கிறது. வட்டி, கட்டணம், காப்பீடு எல்லாவற்றையும் ஒரே தாளில் எளிமையாகக் கொடுக்க வேண்டும். கடன் அட்டை, கடன் வாங்குபவருக்குப் புரியும் மொழியில் இருக்க வேண்டும். நல்ல விதி. அட்டை தமிழில்தான் இருந்தது, விதி மீறப்படவில்லை. "இறக்க நேரிடின்" என்று யார் வீட்டில் பேசுகிறார்கள் என்ற கேள்வி விதியில் இல்லை.

சந்தேகத்துக்கு ஒரு சோதனை செய்தேன். அதே வாக்கியத்தை ஒரு வெள்ளைத்தாளில் பெரிய எழுத்தில் இப்படி எழுதி, எதுவும் சொல்லாமல் கையில் கொடுத்தேன்: "கடன் வாங்குனவங்களோ அவங்க வீட்டுக்காரரோ இறந்துட்டா, மிச்சக் கடனை இன்சூரன்ஸ் கட்டிரும். நீங்க கட்ட வேண்டாம்."

விரல் நகர்ந்தது. ஒன்றரை நிமிடம். "கட்டிரும்" என்ற இடத்தில் விரல் நின்று, திரும்ப முதலுக்குப் போய், இரண்டாம் தடவை வேகமாக வந்தது. தாளைக் கீழே வைக்காமல் கேட்டார்: "இதத்தான் அதுல எழுதியிருக்காகளா?"

பேச்சுத் தமிழில் எழுதினால் மொழி கெடும் என்று வாதாடிய கூட்டத்தில் நானும் ஒருவன். 1992-ல் தபால் கார்டைத் திருத்தப் போன அதே கை. இப்போதும் எல்லாவற்றையும் பேச்சில் எழுதச் சொல்லவில்லை. பாக்கி என்று எழுதக்கூடிய இடத்தில் நிலுவை என்றும், ஜாமீன் என்று எழுதக்கூடிய இடத்தில் பிணையம் என்றும் எழுதி, அடியில் கையெழுத்து வாங்குவதில் யாருக்கு என்ன லாபம் என்றுதான் கேட்கிறேன். தூய தமிழ் மேல் உள்ள பற்றில் ஒரு நிதி நிறுவனம் அப்படி எழுதுகிறது என்று சொன்னால் நம்ப நான் தயாரில்லை. ஆங்கில வாசகத்தைச் சொல்லுக்குச் சொல் மொழிபெயர்த்த வாடை அதில் அடிக்கிறது.

பட்டியலில் இல்லாதவர்

அவருக்குத் திரும்பப் படிக்க ஆசை. ஒன்றிய அரசு 2022 முதல் 2027 வரை நடத்தும் புதிய பாரத எழுத்தறிவுத் திட்டத்தின் மையம் ஒன்று பக்கத்துப் பள்ளிக்கூடத்திலேயே இருக்கிறது. 15 வயதுக்கு மேற்பட்ட எழுத்தறிவில்லாதவர்களுக்கான திட்டம்; கடைசியில் வாசிப்பு, எழுத்து, எண் மூன்றுக்கும் தலா 50 என்று 150 மதிப்பெண்ணுக்குத் தேர்வு. கூட்டிக்கொண்டு போனேன். வகுப்பெடுக்கும் பெண் நல்ல மாதிரி. நோட்டைப் புரட்டிப் பார்த்துவிட்டு, "இவங்க கையெழுத்துப் போடுவாங்கன்னு சர்வேல இருக்கே சார். இவங்க எழுத்தறிவு உள்ளவங்கள்ல வந்துருவாங்க" என்றார்.

முப்பத்திரண்டு வருஷத்துக்கு முந்தைய என் டிக், வேறு நோட்டில் வந்து உட்கார்ந்திருந்தது. அந்த அம்மா சிரித்துவிட்டார். "மறந்துபோச்சுன்னு எழுதிக்க முடியாதா பாப்பா?" அப்படி ஒரு கட்டம் படிவத்தில் இல்லை. சேர்க்காமலே வந்து உட்காரச் சொன்னார் அந்தப் பெண்; வாரம் இரண்டு நாள் போகிறார்.

கடன் விவகாரம் பாதி முடிந்தது. இறப்புச் சான்றிதழ், ஆதார் நகல், ஆங்கிலத்தில் ஒரு கோரிக்கைப் படிவம் எல்லாம் கொடுத்து, 2024 நவம்பரில் மிச்சம் ஏழு தவணையும் ரத்தாயின. கட்டிய ஒன்பதைத் திருப்பிக் கேட்டு 2025 ஜனவரியில் மனு எழுத உட்கார்ந்தோம். வழக்கம்போல "மேற்படி கடன் தொடர்பாகத் தங்கள் மேலான கவனத்திற்கு" என்று தொடங்கினேன். எட்டிப் பார்த்தவர், "எனக்கு வாசிக்க வர்ற மாதிரி எழுதுங்க சார். நான்தான கையெழுத்துப் போடப் போறேன்" என்றார்.

கிழித்துப் போட்டுவிட்டு வேறு எழுதினேன். ஒன்பது வரி. வாங்கித் திண்ணையில் வைத்து, விரல்விட்டு, நாலைந்து நிமிடம் வாசித்தார். பேனாவை நீட்டினேன், வாங்கவில்லை.

"துகை தப்பா இருக்கு சார். பத்தொம்பதாயிரத்து முப்பத்தஞ்சு. நீங்க முந்நூத்தி அஞ்சுன்னு போட்டிருக்கீங்க."